நக்ஸோஸ் தீவின் மலை ஊர்களில் எங்கே தங்கலாம்?

செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் கிரீஸின் நக்ஸோஸ் தீவுக்குப் போகிறோம். கடற்கரை முக்கியமில்லை. மலை ஊர் ஒன்றில் தங்கி நிதானமாக நடந்து சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஹால்கி என்ற ஊரா, அபிராந்தோஸ் என்ற ஊரா என்பதில்தான் குழப்பம். ஹால்கியைச் சுற்றி ஆலிவ் தோப்புகள், அவற்றின் நடுவே பைசாந்தியக் காலத்துச் சின்னச் சின்ன தேவாலயங்கள். நார்த்தை போன்ற ஒரு மரத்தின் இலையிலிருந்து கித்ரோன் என்ற மதுவை வடிக்கும், 1896இல் தொடங்கிய வடிசாலையும் அங்கேதான். எனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது. அபிராந்தோஸ் இன்னும் உயரத்தில் இருக்கிறது. சந்துகளில் பளிங்குக் கல் பாவியிருக்கிறார்கள். படம் பார்த்ததிலிருந்து மனைவிக்கு அந்த ஊர்தான். அங்கே அந்த மாதத்தில் ராத்திரி சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்குமா?

துறைமுக ஊரான ஹோராவிலிருந்து வரும் பஸ்ஸே போதுமா, கார் எடுத்தே ஆக வேண்டுமா? அப்புறம், அப்பொலோனாஸ் என்ற ஊரில் 10 மீட்டருக்கு மேல் நீளமாக, பாதி செதுக்கியபடி மல்லாந்து கிடக்கும் பளிங்குச் சிலையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ்ஸில் திரும்ப முடியுமா?

மனைவி சைவம். அந்தத் தீவின் கிராவியெரா பாலாடைக்கட்டி பேர்போனது. அதில் விலங்கு ரென்னெட் (கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்துப் பாலை உறைய வைக்கும் பொருள்) சேர்க்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.