விக்கி அட்டவணை: ஸ்டைல் டேக் போட்டால் கோட் அப்படியே எழுத்தாக வருகிறது

கொட்டகலைக்காரன்:
வணக்கம். ஹட்டனிலிருந்து பதுளை வரையிலான ரயில் நிலையங்களை விக்கிப்பீடியாவில் என் மணல்தொட்டியில் (சோதனைப் பக்கத்தில்) அட்டவணையாகப் போட்டுப் பார்க்கிறேன். தலைப்பு வரிசை கொழுந்துப் பச்சையாகவும், கட்டங்களுக்குள் கொஞ்சம் இடைவெளியோடும் இருக்க வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளை ஸ்டைல் டேக்குக்குள் எழுதி மேலே ஒட்டினேன். சேமித்தால் நான் எழுதியது அத்தனையும் பக்கத்தின் தலையில் எழுத்தாக நிற்கிறது. அட்டவணை அசையவே இல்லை. இதே கோட் என் கணினியில் தனிக் கோப்பாகத் திறந்தால் சரியாக வருகிறது. எங்கே பிழை?

பதுளை அக்கா:
பிழை உங்கள் சிஎஸ்எஸ்ஸில் இல்லை தம்பி. விக்கி உரைக்குள் ஸ்டைல் டேக் செல்லாது. யாரும் திருத்தக்கூடிய பக்கத்தில் அதை விட்டால், ஒரே வரியில் பக்கம் முழுவதையும் மறைத்துவிடலாமே.

அட்டவணை தொடங்கும் {| வரியில் கிளாஸாக (தோற்ற விதிகளைச் சேர்க்கும் பெயராக) விக்கிடேபிள் கொடுத்தீர்களா? கோடுகளும் சாம்பல் தலைப்பும் அதிலேயே வந்துவிடும். ஒரு வரிசைக்கு மட்டும் நிறம் என்றால் அந்த வரிசையைத் தொடங்கும் |- குறிக்குப் பக்கத்திலேயே ஸ்டைல் எழுதினால் போதும். இடைவெளிதான் தொல்லை. {| வரியில் எழுதும் பேடிங் (உள் இடைவெளி) கட்டங்களுக்குள் இறங்காது; ஒவ்வொரு கட்டமாக எழுத வேண்டும். அத்தனை நிலையத்துக்கும் யார் எழுதுவது!

அதற்குத்தான் டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் என்ற விக்கி வசதி; சிஎஸ்எஸ்ஸைத் தனிப் பக்கத்தில் வைத்து அழைக்கலாம். வார்ப்புரு வெளியில் ("வார்ப்புரு:" என்று பெயர் தொடங்கும் பக்கங்களில்) ஒரு துணைப்பக்கம் தொடங்குங்கள், பெயர்.சிஎஸ்எஸ் என்று முடிய வேண்டும் (ஆங்கில எழுத்தில்தான்). விதிகளை அங்கே எழுதிவிட்டு, டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் டேக்கில் அந்தப் பெயரைக் கொடுத்து அட்டவணைக்கு மேலே வையுங்கள். உங்கள் அட்டவணைக்குத் தனி கிளாஸ் பெயர் கட்டாயம். விக்கிடேபிளுக்கே விதி எழுதினால் அதே பக்கத்தில் உள்ள மற்ற அட்டவணைகளும் பச்சையாகும்.

கொட்டகலைக்காரன்:
வந்துவிட்டது அக்கா! ஆனால் தங்கச்சியின் ஃபோனில் தலைப்பு வரிசை காலியாகத் தெரிகிறது. என் ஃபோனில் நன்றாக இருக்கிறது.

பதுளை அக்கா:
அவள் டார்க் மோடில் பார்க்கிறாள் போல. அதில் எழுத்து வெளிறிவிடும். நீங்கள் போட்ட பின்னணியும் வெளிர்ப் பச்சை. பின்னணி நிறம் கொடுக்கும் இடத்திலேயே எழுத்து நிறத்தையும் கருப்பு என்று கொடுத்துவிடுங்கள்.

கொட்டகலைக்காரன்:
அதேதான். ஒரு வரி சேர்த்தேன், இப்போது தெரிகிறது. இலங்கையிலேயே உயரமான நிலையம் என்பதால் பட்டிப்பொல வரிசைக்கு மட்டும் வேறு நிறம் போட்டிருக்கிறேன். அதற்கும் எழுத்து நிறம் கொடுத்தாயிற்று!