புதுப்பிப்பு: 67 மஸ்டாங்கின் பின் டிஃபரன்ஷியல் மாற்றியாயிற்று
என் 1967 ஃபோர்டு மஸ்டாங் காருக்குப் பழைய 8 அங்குல டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி; அங்குலம் அதன் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) போதுமா, 9 அங்குலத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, 9 அங்குலமே போட்டாயிற்று: 31 ஸ்ப்லைன் (முனைப் பற்கள்) உள்ள ஆக்சில், ட்ராக்‌ஷன்-லாக் (இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து விசை போக வைக்கும் பூட்டு), 3.50 கியர் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டிஃபரன்ஷியலுக்குள் வரும் தண்டு 3.50 சுற்று). பேக்லாஷ் (கியர் பற்களுக்கு இடையிலான தளர்வு) 0.010 அங்குலத்தில் நின்றது, பற்கள் எங்கே படுகின்றன என்று பார்க்க மஞ்சள் பேஸ்ட் பூசிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் நடுவிலேயே விழுந்திருந்தது, அப்புறம்தான் எனக்கு நிம்மதி. டிரைவ் ஷாஃப்டை (இன்ஜின் விசையைப் பின்னால் கொண்டுவரும் தண்டை) கொஞ்சம் வெட்டிச் சுருக்க வேண்டி வந்தது.

முன்பு கியர் 2.80 என்பதால் நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் இப்போது 25 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது, சத்தமும் அதிகம்தான். ஆனால் சிக்னலில் கிளம்பும்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளுகிறதே, அதற்காக இதைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம்! இப்படிக் கியர் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் கியரையும் கூடவே மாற்றிவிடுங்கள். இந்தப் பூட்டு கிளட்ச் வகை என்பதால் ஆயிலோடு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கும் சேர்க்கை) கட்டாயம், ஊற்றாவிட்டால் திருப்பத்தில் கடகடக்கும்.