புதுப்பிப்பு: 1970-இல் கண்விழிக்கும் செட்டாப் பாக்ஸ்

மின்சாரம் போய் வந்தால் என் லினக்ஸ் செட்டாப் பாக்ஸ் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டுகிறது, பதிவுக்குக் குறித்துவைத்த நிகழ்ச்சிகள் தவறிப்போகின்றன என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது.

பெட்டியில் பேட்டரியுடன் கூடிய கடிகாரச் சில்லு இல்லை. அதனால் லினக்ஸ் தன் பூஜ்யத்திலிருந்து, அதாவது யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, எண்ணத் தொடங்குகிறது. இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரம் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. 'என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும் முறை) போதுமே' என்றார்கள் பலர். இணையம் இருந்தால் போதும்தான். ஆனால் என் ரௌட்டர் பெட்டியைவிடச் சோம்பேறி, தாமதமாகத்தான் கண்விழிக்கும்.

முதலில் ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற சிறு நிரலை நிறுவினேன். மணிக்கொருமுறை நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த துவக்கத்தில் அதையே கொடுக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று அடம்பிடிப்பது நின்றது. மின்தடை நீடித்த நேரம் மட்டும் கணக்கில் வராது.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒளிபரப்பே. டிவிபி (டிஜிட்டல் தொலைக்காட்சித் தரம்) அலைவரிசையில் டிடிடி என்ற சிறு நேர-தேதி அட்டவணை அதிகபட்சம் 30 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது விதி. தேதிக்கு 16 பிட், மணி-நிமிடம்-விநாடிக்கு 24 பிட். எல்லாம் யுடிசி நேரம். துல்லியம் ஒரு விநாடிதான், பதிவுக்கு அது தாராளம். ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒளிபரப்பை அனுப்பும் கருவி) சில நிமிடம் பிசகிய நேரத்தைக் கூசாமல் அனுப்புகிறது, ஆகவே நம்பகமான ஒன்றை மட்டும் கேட்கும்படி அமைத்திருக்கிறேன். என்டிபி கிடைத்ததும் டிடிடி ஒதுங்கிக்கொள்கிறது.

நேரம் உறுதியாகும் வரை பதிவுச் சேவை தொடங்காதபடியும் பூட்டுப் போட்டாயிற்று.