சக்சஸ் என்றால், எதில்? திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

உப்புவெளி ரீச்சர்:

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கொப்பி திருத்தும்போது ஒரு வசனம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்: "ஐ சக்சஸ் தி எக்ஸாம்." பிள்ளைகளில் குறை சொல்ல முடியாது. வீட்டில் "போன அலுவல் சக்சஸ்", "சக்சஸ் ஆயிட்டு" என்றுதானே நாமும் பேசுகிறோம். நம்முடைய பேச்சில் அந்தச் சொல் எந்த இடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சக்சஸ் பெயர்ச்சொல் மட்டும்தான். வினை வேண்டுமென்றால் சக்சீட், ஒன்றின் தன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சக்சஸ்ஃபுல்.

வகுப்பில் இந்தச் சொல்லை யாராவது எழுதினால் நான் கேட்கும் முதல் கேள்வி "எதில்?" என்பதுதான். சக்சீடுக்குப் பின்னால் 'இன்' வருவதே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான். "ஷீ சக்சீடட் இன் கெட்டிங் எ விசா" என்பது சரி. "சக்சீடட் டு கெட்" என்றால் பிழை. பரீட்சை சித்தியடைந்ததைச் சொல்ல 'பாஸ்ட்' என்ற ஒரு சொல்லே போதும்.

இன்னொன்று, சக்சஸ் வர யாரும் தோற்க வேண்டியதில்லை. நம்முடைய 'வெற்றி'க்குள் ஒரு எதிராளி நிற்பது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அதற்கு விக்டரி, வின் என்று வேறு சொற்கள் உண்டு. கிரிக்கெட்டில் இலங்கை இன்னொரு அணியை 'சக்சீட்' பண்ண முடியாது, 'பீட்' பண்ணலாம்.

உங்களுக்கு இந்தச் சொல் எங்கே எதிர்ப்பட்டது? ஆஸ்பத்திரியோ கந்தோரோ கடற்கரையோ, எதுவானாலும் எழுதுங்கள்.

நிலாவெளி படகு:

ரீச்சர், புறாமலைத் தீவுக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போகிறவன் நான். அங்கே செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் பவளப்பாறைப் பக்கம் சுற்றும், ஆட்களை ஒன்றும் செய்யாது. அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவது. ஒருநாள் தண்ணீருக்குள் இருந்து ஏறிய ஒரு பெண்ணிடம், கரையில் இருந்தவர் "எனி சக்சஸ்?" என்று கேட்டார். அந்தப் பெண் "நோ சக்சஸ் ஸோ ஃபார்" என்று சொல்லிவிட்டு சிரித்துக்கொண்டே திரும்பவும் இறங்கிவிட்டார். இவ்வளவு பெரிய சொல்லை இவ்வளவு சின்ன விசயத்துக்குச் சொல்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். சுறா கண்ணில் பட்டதா இல்லையா, அவ்வளவுதானே. நாங்கள் "சரிவந்ததா?" என்று கேட்கிற இடம் அது.

உப்புவெளி ரீச்சர்:

அருமையான உதாரணம், தம்பி. நாளாந்தப் பேச்சில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. திறப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்றாலும் "வித்தவுட் சக்சஸ்" என்பார்கள். காசு, கார், பதவி என்பது அந்தச் சொல்லின் ஒரு பக்கம் மட்டுமே. மேடைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பக்கம்தான் தெரிகிறது. இது எனக்கு உண்மையாகவே கவலை.

கிண்ணியாவிலிருந்து:

உம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஒப்பரேஷன் செய்தார்கள். டொக்டர் வெளியே வந்து "சக்சஸ்ஃபுல்" என்றார். அவ்வளவுதான், தம்பி உடனே கட்டாருக்கு கோல் எடுத்து "உம்மாவுக்குச் சுகமாயிட்டு" என்று நானாவிடம் சொல்லிவிட்டான். எல்லாருக்கும் அழுகையும் சந்தோசமும்.

எங்கள் சாச்சி முந்தி தாதியாக வேலை செய்தவர். அவர்தான் டொக்டரிடம் போய் நிதானமாகக் கேட்டார், எது சரிவந்தது என்று. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, இரத்தம் அதிகம் போகவில்லை, பக்கத்து உறுப்புகளுக்குச் சேதமில்லை என்றார் டொக்டர். அந்தக் கட்டி என்ன வகை என்பதை ஆய்வுகூட அறிக்கை வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். சாச்சி அதை அப்படியே எங்களுக்கு விளக்கினார்.

டொக்டர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஒப்பரேஷனை எதற்காகச் செய்தார்களோ அது நடந்துவிட்டது. உம்மாவுக்குச் சுகம் என்பது அதைத் தாண்டிய வேறு விசயம். பிறகு அறிக்கை வந்து, மருந்து ஏற்ற வேண்டும் என்றபோது எங்களுக்குத் துக்கம் இருந்தது. ஏமாந்துபோனோம் என்ற கோபம் இருக்கவில்லை. அதற்குச் சாச்சிதான் காரணம். ஆஸ்பத்திரியில் இந்தச் சொல் காதில் விழுந்தால், வெட்கப்படாமல் "எதில்?" என்று கேளுங்கள். உம்மாவுக்கு இப்போதும் மருந்து நடக்கிறது. துஆச் செய்துகொள்ளுங்கள்.

மூதூர் காணி அலுவல்:

உங்கள் உம்மாவுக்குச் சுகம் கிடைக்கட்டும்.

நான் பார்ப்பது காணி அலுவல். இந்தப் பக்கம் அரச காணி அனுமதிப்பத்திரத்தில் பயிர் செய்கிற குடும்பங்கள் நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, தான் காலமான பிறகு காணி எந்த உறவினருக்குப் போக வேண்டும் என்று அனுமதிப்பத்திரக்காரர் பதிந்து வைக்கலாம். அப்படிப் பதியப்படுபவரை ஆங்கிலத்தில் சக்சசர் என்பார்கள், தமிழில் பின்னுரித்தாளர்.

ஒரு குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஆங்கிலப் பிரதி ஒன்றோடு வந்தார்கள். வரும்போதே இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. தம்பியின் பெயருக்கு நேரே 'சக்சசர்' என்று இருந்தது. யாரோ அதைப் பார்த்துவிட்டு, "தம்பி வழக்கில் வென்றுவிட்டான்" என்று அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கே இல்லை! தகப்பனார் உயிரோடு இருந்தபோது தானாக விரும்பிப் பதிந்தது அது. தமிழ்ப் பிரதியை எடுத்துக் காட்டிப் பின்னுரித்தாளர் என்று வாசித்த பிறகுதான் அண்ணனின் முகம் இளகியது. காணி தனக்கு வரவில்லை என்ற மனக்குறை போயிருக்காது. ஆனால் தம்பி களவாக ஏதோ செய்துவிட்டான் என்ற எண்ணம் போனது, அது பெரிய விசயம்.

பத்திரிகையிலும் இது வரும். புது அதிகாரி பழையவரை 'சக்சீடட்' என்று எழுதியிருந்தால், அவருக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்தார் என்று அர்த்தம். அவரைத் தோற்கடித்தார் என்றில்லை.

டவுனிலிருந்து ஒரு மெதடிஸ்ட்:

எனக்கொரு சந்தேகம் ரீச்சர். அப்பப்பாவின் பழைய ஆங்கில வேதாகமத்தில், யோசுவா முதலாம் அதிகாரத்தில், 'குட் சக்சஸ்' என்று இருக்கிறது. சக்சஸ் என்றாலே நல்லதுதானே, பிறகு எதற்கு 'குட்'?

உப்புவெளி ரீச்சர்:

அது 1611இல் வந்த மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்தில் சக்சஸ் என்றால் பெரும்பாலும் விளைவு, பலன் என்றுதான் பொருள். பலன் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். 'பேட் சக்சஸ்' என்று எழுதியவர்களும் உண்டு. லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குப் பின்தொடர்ந்து வருவது என்று பொருள். முயற்சிக்குப் பின்னால் வருவது சக்சஸ், ஆளுக்குப் பின்னால் வருபவர் சக்சசர். மூதூர்க்காரர் சொன்னதும் நீங்கள் கேட்டதும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றன்பின் ஒன்றாக என்பதற்கு சக்சசிவ் என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். காலம் போகப் போக நல்ல பலன் மட்டும் சக்சஸுக்குள் தங்கிவிட்டது.

நிலாவெளி படகு:

ரீச்சர், போன வருசம் ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தவர், ஒவ்வொரு வரியிலும் 'சக்சஸ்ஃபுலி கம்ப்ளீட்டட்' என்று போட்டிருந்தார். அது தேவையா?

உப்புவெளி ரீச்சர்:

தேவையில்லை, தம்பி. முடித்தால் 'கம்ப்ளீட்டட்' போதும். அந்த இடத்தில் என்ன தரம் எடுத்தீர்கள், எந்த வருசம் என்று எழுதுங்கள், வாசிப்பவருக்கு அதுதான் வேண்டும். வாழ்த்து எழுதினால் "விஷ் யூ எவ்ரி சக்சஸ்". விழா நன்றாக நடந்ததென்றால் "இட் வாஸ் எ சக்சஸ்", அந்த 'எ'யை விடக்கூடாது. எழுத்துக்கூட்டலில் நடுவில் சீ இரண்டு, கடைசியில் எஸ் இரண்டு. உச்சரிக்கும்போது முதல் அசையை லேசாக விட்டு இரண்டாவதை அழுத்துங்கள்: சக்-செஸ்.