அப்பாவின் 11 சட்டைகள்: வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கலாமா?

நூலிழை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. அவருடைய சட்டைகள் 11 என்னிடம் இருக்கின்றன. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அழுகிறார் என்று நான்தான் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துவந்தேன். யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. பெட்டியிலேயே கிடந்தாலும் வீணாகத்தானே போகும்?

அதனால் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வையாகத் தைக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தங்கை மாசமாக இருக்கிறாள், பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஒரு குட்டிப் போர்வை. ஓராண்டு நிறைய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் முடிக்கவேண்டும். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, கையில் கொடுக்கும்போதுதான் தெரியவேண்டும் என்று ஆசை.

பிளவுஸ், தலையணை உறை எல்லாம் தைப்பேன். மெஷின் இருக்கிறது. போர்வை தைத்ததே இல்லை. துண்டுகளை மெஷினில் இணைத்துவிட்டு, மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையலை மட்டும் கையால் போட நினைக்கிறேன். சந்தேகங்கள்:

சட்டைகளில் சில சுத்தப் பருத்தி, சில டெரிகாட்டன். இரண்டையும் சேர்த்துத் தைக்கலாமா?

ஒரு வெள்ளைச் சட்டையின் பையில், அடியில் இடது மூலையில், பேனா மை கசிந்து நீலமாக ஒரு திட்டு இருக்கிறது. அம்மா எவ்வளவோ முறை துவைத்தும் போகவில்லை. அதை வெட்டி எறிவதா, வைப்பதா?

கடைசியாக அவர் போட்டிருந்த சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. அதில் அவர் வாசனை இருக்கிறது. அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

---

ஊசிமுனை:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டையை வெட்டாதே. துவைக்கவும் வேண்டாம், தனியாக வைத்துவிடு. துவைக்காத துணியைப் போர்வையில் சேர்க்க முடியாது. வியர்வையும் உடம்பின் எண்ணெயும் ஊறின துணி நாளாக ஆகப் பழுப்பேறும், பூச்சியும் வரும். துவைத்தாலோ வாசனை போய்விடும். மிச்சம் 10 சட்டை இருக்கிறது, அது போதும்.

இப்போது கணக்கு. நான் இதுவரை 14 போர்வை தைத்திருக்கிறேன், எல்லாமே வீட்டு மனிதர்களுக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஐந்து மாதத்தில் நான்கு பெரியதும் ஒரு சிறியதும் கையால் முடியாது. என் முதல் போர்வைக்குத் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் கைத்தையல் மட்டும் நான்கு மாதம் பிடித்தது. அவசரத்தில் போட்ட தையல் இரண்டாம் துவைப்பிலேயே விடத் தொடங்கும். அம்மாவுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். அதை நன்றாகச் செய்.

6½ இஞ்சுச் சதுரமாக வெட்டினால், நான்கு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குப் போய் 6 இஞ்சு நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10 என்று வைத்தால் 80 சதுரம். 48க்கு 60 இஞ்சுப் போர்வை கிடைக்கும். உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்ளவும், மத்தியானம் சாயும்போது மூடிக்கொள்ளவும் சரியான அளவு. அதற்கு 7 சட்டை போதும், ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுரம் எடுக்கவேண்டியிருக்கும். முதுகுப் பகுதியிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். மீதி 3 சட்டையின் முன்பக்கத்தைப் பொத்தான் பட்டியோடு அப்படியே வெட்டி, அண்ணனுக்கும் தங்கைக்கும் உனக்கும் தலையணை உறையாகத் தைத்துவிடு. பொத்தானைக் கழற்றினால் உறை திறக்கும், ஜிப் வேண்டாம். உனக்குத் தெரிந்த வேலை, ஒரு வாரத்தில் மூன்றும் முடிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார். முழங்கை, கழுத்தோரம், அக்குள் பக்கம் துணி நைந்து வெளிச்சம் ஊடுருவும். அந்த இடத்தை ஒதுக்கு. மனசு கேட்காமல் அதையும் சேர்த்தால் முதலில் கிழிவது அதுதான்.

டெரிகாட்டன் கலக்கலாம், கனம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எது எது என்று சந்தேகம் வந்தால் உள்தையலிலிருந்து நாலு இழை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். கலப்புத் துணி உருகி நுனியில் கெட்டியான மணியாகச் சுருளும். அந்தச் சதுரங்களுக்கு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் பளபளவென்று தழும்பு விழும்.

கால் இஞ்சுத் தையலில் மட்டும் கறாராக இரு. ஒவ்வொரு தையலிலும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால், அது இரண்டு துண்டிலும் போகும், ஆக மூன்று மில்லிமீட்டர். ஒரு வரிசையில் ஏழு தையல். அந்த வரிசை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். அப்புறம் அடுத்த வரிசையோடு மூலைகள் சேரவே சேராது. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்சு தள்ளி ஒரு ஒட்டுநாடா ஒட்டிவிடு, துணியின் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டே போகட்டும். நூல் நேர் பார்த்து வெட்டு. கிராஸாக, அதாவது நூல் ஓடுகிற திசைக்குச் சாய்வாக, வெட்டின சதுரம் இழுத்த இழுப்புக்கு நீளும்.

அடித்துணி புதிதாக வாங்கினால் முதலில் துவைத்துக் காயவை. சட்டைகள் எத்தனையோ துவைப்பில் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். அடித்துணி சுருங்கியிருக்காது. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு மெல்லியதாக இருக்கட்டும், கைத்தையலுக்கு ஊசி சுலபமாக இறங்கும், அம்மாவுக்கும் பாரம் தெரியாது. எத்தனை இஞ்சுக்கு ஒரு தையல் விழவேண்டும் என்று அதன் உறையிலேயே போட்டிருப்பார்கள், அதை மீறாதே. மீறினால் துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாகத் திரளும். பஞ்சும் அடித்துணியும் மேல்துணியைவிட நாலு பக்கமும் மூன்று நான்கு இஞ்சு பெரிதாக இருக்கவேண்டும். அடித்துணியைத் தரையில் விரித்து ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் சட்டைத் துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கைமுட்டி அளவு இடைவெளியில் ஊக்கு குத்திக்கொண்டே போ. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும்.

கைத்தையலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. நூல் நுனியில் சின்ன முடிச்சு. தையல் தொடங்கவேண்டிய இடத்துக்கு ஒரு இஞ்சு முன்னால் மேல்துணியில் ஊசியைக் குத்தி, அடித்துணிக்குப் போகாமல் பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் இடத்தில் மேலே எடு. நூலை மெதுவாக ஒரு சுண்டு சுண்டினால், முடிச்சு 'டப்' என்று துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது. அந்தச் சத்தம் பழகிவிட்டால் விடமாட்டாய். தையல் சிறியதாக இருக்கவேண்டும் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரே அளவாக இருந்தால் போதும்.

மைத்திட்டை எறியாதே. அந்தப் பையோடு ஒரு சதுரம் எடு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளை எல்லாம் வெட்டிப் போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்புக்குள் மூடிப் படுத்துக்கொள்ளவும் அம்மா அதைத் தைத்தார் என்று அவர் மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. சட்டையை வெட்டுவது தப்போ என்று உனக்குள் ஒரு பயம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. அதற்காகத்தான் சொன்னேன்.

---

பழைய கத்தரி:

தைக்கிற விஷயமெல்லாம் ஊசிமுனை அக்கா சொல்லிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யாருக்கும் சொல்லாம வெட்டாதீங்க.

எங்கம்மாவோட ஆறு நூல் புடவைய நானும் இப்படித்தான், எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சு வெட்டித் தைச்சேன். அதுல ஒரு பச்சைப் புடவை. அண்ணன் சின்ன வயசுல காய்ச்சல்ல கிடந்தப்ப அம்மா அதைத்தான் போர்த்தி விட்டிருக்காங்க. எனக்கு அது தெரியாது. போர்வையப் பிரிச்சுப் பாத்த அண்ணன் அந்தப் பச்சைத் துண்டைத் தொட்டுட்டு எழுந்து போயிட்டார். ரெண்டு வருஷம் என்கிட்ட சரியாப் பேசலை. நான் தப்பான எண்ணத்துல செய்யலைன்னு அவருக்கும் தெரியும். ஆனா வெட்டினது வெட்டினதுதான், மறுபடி புடவை ஆகாது.

உங்கம்மாகிட்ட முதல்ல கேளுங்க. எந்தச் சட்டைய வெட்டலாம், எதை வெட்டக்கூடாதுன்னு அவங்க சொல்லட்டும். அண்ணன், தங்கைகிட்டயும் ஆளுக்கு ஒண்ணு வேணுமான்னு கேட்டுடுங்க. அவங்க எடுத்தது போக மிச்சத்துல கத்தரி வைங்க.

---

இரட்டைத்தையல்:

குழந்தைப் போர்வை பற்றி மட்டும். நான் செவிலியர். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக்கூடாது. முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதையே சொல்கிறது. அதனால் தங்கையிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிட. யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். அதில் பொத்தான் ஒன்றுகூட வேண்டாம், எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் சரி. விளையாட்டு விரிப்பாக நினைத்தே தைத்தால் 36 இஞ்சுச் சதுரம் போதும். குழந்தை அதில் பால் கக்கும், ஆகவே அடிக்கடி துவைக்கும்படி இருக்கட்டும். வெட்டின சட்டைகளில் மிஞ்சும் சிறு துண்டுகளே இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

---

நூலிழை:

மூன்று பேருக்கும் நன்றி. பழைய கத்தரி எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாளே பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டேன்.

அழுவார் என்றுதான் பயந்தேன். அழுதார்தான். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, இது எப்போது எடுத்தது, எங்கே போட்டுக்கொண்டு போனார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழுப்புக் கட்டம் போட்ட ஒன்றை மட்டும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. துவைக்காத சட்டையையும் கொடுத்துவிட்டேன், வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் நீலக் கோடு போட்டது வேண்டும், ஆனால் உறையாகவே போதும் என்றான். தங்கைக்கு எதுவானாலும் சரி.

நேற்றைக்கு அம்மாவும் நானும் உட்கார்ந்து சட்டைகளின் தையலைப் பிரித்தோம். அம்மாவின் கை என்னைவிட வேகம். ஒரு சட்டையின் தோளைப் பிரிக்கும்போது, "இந்தத் தையல் நான் போட்டது, இங்கே கிழிந்துபோச்சு" என்று உள்பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் வெள்ளை நூல், பொடிப்பொடியாக, வெளியே தெரியவே தெரியாது. அந்தத் தோள் துண்டையும் ஒரு சதுரத்துக்குள் கொண்டுவரப் போகிறேன். ஆக அம்மா போர்வைக்கு 6 சட்டைதான் மிஞ்சுகிறது, 80 சதுரம் தேறுமா?

மைத்திட்டுப் பையை வலதுகைப் பக்கம் வைக்கச் சொல்கிறார், கையை விட்டுக்கொள்ளத் தோதாக. பையை எப்படித் தைப்பது? அதன்மேல் மூன்று அடுக்குத் தையல் ஓடினால் பை மூடிக்கொள்ளுமே?

---

ஊசிமுனை:

6 சட்டையில் ஒன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு எடுக்கவேண்டும். முழுக்கைச் சட்டை என்றால் கையிலிருந்தும் கிடைக்கும், பார். தேறாவிட்டால் கவலைப்படாதே, ஓரத்து வரிசைகளில் வெறும் வெள்ளைத் துணியைக் கலந்து வை, அழகாகவே இருக்கும்.

பைச் சதுரத்தை மற்றதைவிடப் பெரிதாகவே வெட்டு. பை முழுசாக நடுவில் வரவேண்டும், அதனால் 6½க்குப் பதில் 12½ இஞ்சு. நான்கு சதுரத்தின் இடத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும், கணக்கில் மூன்று குறையும். பை இருக்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும் இஸ்திரி போட்டு ஒட்டும் ஃப்யூசிங் துணியை ஒட்டிவிடு, கை போய்ப் போய் வரும்போது துணி தொய்யாது. பையின் மேல் இரண்டு மூலையும் பழைய தையலில் விட்டிருக்கும், இப்போதே இரண்டு மூன்று சுற்று தைத்து இறுக்கு.

கைத்தையல் பைமேல் ஓடவேண்டாம். பையைச் சுற்றிக் கால் இஞ்சு தள்ளி ஒரு கட்டம்போல் ஓட்டு, அதற்கு வெளியே ஒரு கட்டம், அதற்கும் வெளியே ஒன்று. பையின் உயரம் ஐந்து, ஆறு இஞ்சுதான் இருக்கும், உன் பஞ்சு விரிப்பின் உறையில் எட்டு இஞ்சு என்று போட்டிருந்தால் தையல் இல்லாமலே தாங்கும். நாலு இஞ்சு என்று போட்டிருந்தால், பைக்குள் ஒரு கையை விட்டுப் பையின் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்பக்கத்து அடுக்கில் மட்டும் நடுவில் ஒரு வரிசை ஓட்டு. சிரமம்தான், ஆனால் முடியும். நான் என் மாமனாரின் சட்டையில் செய்திருக்கிறேன்.

அடித்துணியின் மூலையில் அப்பா பெயரும் ஆண்டும் நூலால் எழுத இடம் விட்டுவை. அதை அம்மாவையே தைக்கச் சொல்.