உளுந்து தெளிப்பு உழவில்லா விவசாயம் இல்லையாம்!

வண்டல்காரன்:
நேற்று இந்தக் குழுவில் கரிசல்மண் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "உழவில்லா விவசாயம் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மோஸ்தர். தமிழ்நாட்டில் ஏர் படாத மண்ணில் விதை போட்டு எவனும் மூட்டை கட்டியதில்லை."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அண்ணாச்சி, தை மாதம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஒரு தடவை வந்து பாருங்கள். சம்பா கதிர் பழுத்து நிற்கும். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிட்டு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். ஏக்கருக்குப் பத்து கிலோ விதை. கால் வைத்தால் குதிகால் தடம் பதிய வேண்டும், சேறு காலோடு வரக்கூடாது. அதுதான் மெழுகுப் பதம். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. நெல்லை அறுக்கும்போது கீழே உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும்.

அப்புறம் ஏர் கிடையாது, மண்வெட்டி கிடையாது, பாத்தி கிடையாது. வழக்கப்படி ஜனவரி 28ல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், அதனால் தண்ணீரும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான். பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை இரண்டு சதம் டிஏபி உரக் கரைசல் அடிப்போம். பங்குனி கடைசியில் உளுந்து களத்துக்கு வந்துவிடும். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

கரிசல்மண்:
பெயர் வைப்பது இருக்கட்டும். சம்பா நடவுக்கு முன்னால் சேறு அடித்தீர்களா இல்லையா?

வண்டல்காரன்:
நெல்லுக்கு அடித்தோம். உளுந்துக்கு அடிக்கவில்லை.

கரிசல்மண்:
அதே வயல்தானே? டிராக்டரில் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிக் கூழாகக் கலக்கிவிட்டு, அந்த உழவிலேயே இரண்டாம் பயிரும் எடுத்துவிட்டு, "நாங்கள் உழவே இல்லை" என்றால் எப்படி? உழவுக் கூலியை நெல் கணக்கில் எழுதிவிட்டு உளுந்து இலவசம் என்கிறீர்கள்.

மழையை மட்டும் நம்பிய எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வந்து உழாமல் விதைத்துக் காட்டுங்கள். சித்திரையில் வருஷத்தின் முதல் ஏரான பொன்னேர் பூட்டி, கோடை மழைக்கு ஓர் உழவு போட்டால்தான் புரட்டாசி மழை மண்ணுக்குள் இறங்கும். கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும், கொக்கு பொறுக்கும். இது பாட்டன் காலத்துப் பாடம். வள்ளுவரே சொல்லியிருக்கிறார்: "தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்." ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் போடாமலே நன்றாக விளையும். இதற்கு என்ன பதில்?

வண்டல்காரன்:
அடுத்த குறளைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டீர்களே அண்ணாச்சி. "ஏரினும் நன்றால் எருஇடுதல்." ஏரைவிட எரு நல்லது என்று அதே அதிகாரத்தில், அடுத்த வரிசையிலேயே இருக்கிறது.

கொங்குத்தோப்பு:
இரண்டு பேரும் வள்ளுவரை விட்டுடுங்க. பொள்ளாச்சியில எங்க தென்னந்தோப்பில் கொத்துக் கலப்பை ஓட்டுறதையே நிறுத்தி வருசமாச்சுங்க. மட்டையும் பாளையும் அங்கேயே கிடக்கும். உழுதா மேல்மண்ணில் ஓடுற சல்லிவேர் அறுந்துபோகும். மழைக் காலத்தில் மண்ணை மூடிக் கிடக்கிற அந்த மூடாக்கைத் தூக்கிப் பார்த்தா மண்புழு எச்சம் கடுகு கொட்டின மாதிரி கிடக்குதுங்க.

ஆனா மேலாக விதைக்கிறதில ஒரு தொல்லை இருக்குங்க. மயில். பலதானியம் விதைச்சா காலையில் பத்துப் பதினைஞ்சு மயில் வந்து பொறுக்கிட்டுப் போயிடுது. மண்ணுக்குள் போன விதைதான் தப்பிக்குது.

கரிசல்மண்:
பார்த்தீர்களா, விதை மண்ணுக்குள் போக வேண்டும் என்று தோப்புக்காரரே சொல்லிவிட்டார்.

கொங்குத்தோப்பு:
நான் மயிலைச் சொன்னேனுங்க. உழவை ஆதரிச்சதா எழுதாதீங்க.

அட்லாண்டாவாசி:
இங்கே நடப்பதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் காட்டு ஓரத்தில் மான்களுக்கென்றே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தீவனம் விதைப்பார்கள். மரங்களுக்கு நடுவே டிராக்டர் போகாத இடங்கள் நிறைய. மழை வரும் நாள் பார்த்து, நிற்கிற புல்லுக்குள்ளேயே குளோவர் என்ற தீவனச் செடி, ரை என்ற தானியம், டர்னிப் கிழங்கு இவற்றின் விதைகளை வீசிவிட்டு, புல்லை வெட்டி மேலேயே சாய்த்துவிடுவார்கள். அந்தச் சருகே மூடாக்கு. பொடி விதைகள் இப்படி நன்றாக முளைக்கும். மக்காச்சோளம், சோயா மாதிரி பெரிய விதைகளுக்கு இது சரிப்படாது, மண்ணுக்குள் இறக்கினால்தான் பயிர் சீராக வரும். வண்டல்காரர் சொல்வதும் இதுவும் ஒரே சூத்திரம்: நிற்கும் பயிரின் நிழலில் ஈரம் காயாமல் விதை முளைக்கிறது.

கரிசல்மண்:
புல்லை வெட்டுவதற்கு முன்னால் என்ன அடிப்பார்கள், அதையும் சொல்லுங்கள் சார்.

அட்லாண்டாவாசி:
பலர் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடிப்பார்கள். எல்லோரும் இல்லை.

கரிசல்மண்:
அதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன். அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல் அடித்து மேல்மண் பறந்தது, அப்போதே உழவைக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் 1962ல் கென்டக்கியில் ஒரு விவசாயி உழாமல் மக்காச்சோளம் போட்டுக் காட்டிய பிறகுதான் அது பரவ ஆரம்பித்தது. ஏன்? களைக்கொல்லி கைக்கு வந்துவிட்டது. ஏரை இறக்கி வைத்து விஷக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். நம் மத்திய அரசே 2022 அக்டோபரில், கிளைஃபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று அறிவித்தது. ஒன்று ஏர், இல்லாவிட்டால் விஷம். மூன்றாவது வழி இல்லை. கோரைக் கிழங்கு உங்கள் மூடாக்கைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

அது போக, மானுக்குச் சாப்பாடு போட்டு வரவழைத்து அதையே சுடுவதெல்லாம் ஒரு விவசாயமா?

அட்லாண்டாவாசி:
வேட்டைக்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு. நாட்டு நிலவரம் தெரியாமல் பேச வேண்டாம்.

கொங்குத்தோப்பு:
எங்க ஊர்ல பன்றியும் மயிலும் அழிச்சது போக மிச்சத்தைத்தான் நாங்க அறுக்கிறோம். 1972 வனவிலங்குச் சட்டப்படி மயில் மேல கை வைக்க முடியாது. அங்கே மானுக்குன்னு தனியா விதைக்கிறாங்களாம். கேட்கவே வயிறு எரியுதுங்க.

வண்டல்காரன்:
மானும் மயிலும் இருக்கட்டும். அண்ணாச்சி "மூன்றாவது வழி இல்லை" என்றார். இருக்கிறது. நெல்தாளே எங்கள் மூடாக்கு. உளுந்து நெருக்கமாக வந்து நிலத்தை மூடிவிட்டால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது.

இது எங்கள் டெல்டாவில் மட்டும் இல்லை. வங்காளத்தில் பைரா, சத்தீஸ்கரில் உத்தேரா என்று நிற்கிற நெல்லுக்குள் கேசரிப் பருப்பும் மைசூர்ப் பருப்பும் தெளிக்கிறார்கள். ஜப்பானின் ஷிகோகு தீவில் இயற்கை விவசாயி ஃபுகுவோகா செய்ததும் இதுதான். அறுப்புக்கு முன் நெல்லுக்குள் பார்லியும் குளோவரும் வீசினார், அறுத்த பிறகு வைக்கோலைத் திரும்ப வயலிலேயே பரப்பினார். 1988ல் மகசேசே விருது கொடுத்தார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்குத் திருவாரூர்க்காரனைத் தெரியவில்லை.

கரிசல்மண்:
ஃபுகுவோகா நெல்லுக்குச் சேறு அடித்தாரா?

வண்டல்காரன்:
இல்லை.

கரிசல்மண்:
நீங்கள்?

வண்டல்காரன்:
திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறீர்கள். ஹரியானாவில் நெல் அறுத்த வயலில் உழாமல் கருவி வைத்துக் கோதுமை விதைக்கிறார்கள். 1990களில் கோதுமையில் ஒரு புல் களைக்கொல்லிக்கு அடங்காமல் போனபோது, இப்படி விதைத்ததில் அந்தப் புல்லும் குறைந்தது, டீசலும் மிச்சமானது. அந்த நெல்லுக்கும் சேறு அடித்தவர்கள்தான். உலகமே அதை உழவில்லாக் கோதுமை என்கிறது. டெல்டாக்காரன் செய்தால் மட்டும் இவருக்குக் கணக்கு இடிக்கிறது.

மாடித்தோட்டம்:
நான் வீட்டுத் தோட்டக்காரி, பேர்தான் மாடித்தோட்டம். தாம்பரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தரை இருக்கிறது. கொத்தவே இல்லை. புல்லின் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, நனைத்து, அதன் மேல் நாலு விரல்கடை மக்கிய தொழுஉரம், அதற்கு மேல் சருகு. கத்தரியும் வெண்டையும் பிரமாதமாக வந்தன. முள்ளங்கிதான் கீழே இறங்க முடியாமல் கோணிக்கொண்டு வந்தது. சந்தேகம் ஒன்று: அட்டையில் கறையான் ஏறிவிட்டது. செடியைத் தின்னுமா?

வண்டல்காரன்:
அக்கா, இங்கே நஞ்சை விவகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டைப்பெட்டி விவசாயத்துக்குத் தனித் திரி போடுங்கள்.

மாடித்தோட்டம்:
உழாமல் விளைந்ததற்கு நேரடிச் சாட்சி சொல்ல வந்தேன். உங்கள் பக்கம் பேச வந்தவளையே விரட்டுகிறீர்கள். சேறு அடிக்காமல், களைக்கொல்லி அடிக்காமல் காய் பறித்தது இந்தத் திரியில் நான் மட்டும்தான்.

கொங்குத்தோப்பு:
அக்கா, கறையானுக்குக் காய்ஞ்ச பொருள்தான் பிடிக்கும். பச்சைத் தண்டு வாடினா மட்டும்தான் ஏறும். மூடாக்கை ஈரமா வையுங்க, தண்டை ஒட்டிச் சருகு போடாதீங்க. மழைக் காலத்தில் நத்தை வரும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பொறுக்கிடுங்க.

கரிசல்மண்:
கறையான் வந்தது, முள்ளங்கி கோணியது. இதுதான் உழாத மண்ணின் லட்சணம். அக்காவின் அட்டைப்பெட்டி நாலு முழ இடத்துக்குச் சரி, என் நாற்பது ஏக்கருக்கு எங்கே போவது?

அப்புறம் வண்டல்காரர் மறைக்கிற ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் இப்போது நெல்லைக் கையால் அறுக்கிறார்களா? பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் இறங்குகிறது. நீங்கள் தெளித்த இரண்டு இலை உளுந்து வண்டித் தடத்தில் நசுங்குகிறது, வைக்கோல் குவியலுக்கு அடியில் வெளுத்துப் போகிறது. அதனால் எத்தனையோ பேர் அறுப்பு முடிந்ததும் ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பை ஓட்டித்தான் உளுந்து விதைக்கிறார்கள். உழவில்லா விவசாயத்தின் தலைநகரிலேயே உழவு ஓடுகிறது.

வண்டல்காரன்:
வண்டி நசுக்குவது வண்டியின் குற்றம். அறுப்பு ஆள் கிடைக்காதது எங்கள் குற்றமா? வைக்கோலை வாரி ஒதுக்கிவிட்டு, மண்ணில் பதம் இருக்கும்போதே அன்றைக்கே தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் தாமதித்தால் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும், அப்புறம் எந்தக் கலப்பை வந்தாலும் கட்டிதான் பெயரும். அந்த மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் இருக்கிற ஈரமும் ஒரே வெயிலில் போய்விடும். ஈரம் போனால் உளுந்து போச்சு. எங்கள் பக்கம் உழாமல் இருப்பது கொள்கைக்காக இல்லை. உழுதால் நஷ்டம், அதனால் உழுவதில்லை. வருஷா வருஷம் ரோட்டவேட்டர் ஓட்டி அரையடிக்குக் கீழே மண்ணைக் கல்லாக்கிவிட்டு, அதை உடைக்க உளிக்கலப்பை தேடி அலைபவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

போன ஆண்டு மேட்டூர்த் தண்ணீர் விவாதத்தில் எங்களை "வாய்க்கால் பணக்காரர்கள்" என்று எழுதியவர் இவர். அந்த வயிற்றெரிச்சல்தான் இன்றைக்கும் பேசுகிறது. வாய்க்காலே இல்லாமல் விளையும் ஒரே பயிர் எங்களுக்கு இதுதான், அதையும் பறிக்கப் பார்க்கிறார்.

கரிசல்மண்:
வாய்க்காலே இல்லாமலா? அந்த ஈரம் வானத்திலிருந்து குதித்ததா? நெல்லுக்கு விட்ட காவிரித் தண்ணீரின் மிச்சம். உழவும் நெல்லின் மிச்சம், தண்ணீரும் நெல்லின் மிச்சம். சேறு அடித்தது கீழே தண்ணீர் இறங்காமல் கட்டிவைத்தது, அந்த ஈரத்தைத்தான் உளுந்து குடிக்கிறது. அதைச் சொன்னால் வயிற்றெரிச்சலா? மானாவாரிக்காரன் பேசினாலே உங்களுக்குப் பொறாமையாகத்தான் கேட்கும்.

அட்லாண்டாவாசி:
ஒரு கேள்வி. விதைப்புக்கு முன் மண்ணைக் கிளறாமல் இருந்தால் அந்தப் பயிருக்கு உழவில்லை என்பதுதானே எங்கும் வழக்கம்? முதலில் அதை முடிவு செய்துகொண்டால்...

வண்டல்காரன்:
முடிவு செய்ய ஒன்றுமில்லை சார். எங்கள் வயலில் முடிவாகி எத்தனையோ தலைமுறை ஆயிற்று.

கரிசல்மண்:
சேறு அடித்த வயலில்.

மாடித்தோட்டம்:
யாராவது சொல்லுங்கள், முள்ளங்கிக்கு மட்டும் கொத்தலாமா?

கொங்குத்தோப்பு:
அந்த இடத்தில் தொழுஉரத்தை ஒரு சாண் உயரம் போட்டு விதையுங்கக்கா, கொத்த வேண்டாம். வண்டல்காரரே, நெல் தரிசுக்கு, அதான் நெல்லுக்குப் பின்னால போடுற உளுந்துக்கு, எந்த ரகம் போடுறீங்க? இங்கே வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுற சொந்தக்காரர் கேட்கிறாருங்க.

வண்டல்காரன்:
ஆடுதுறை 3. நெல் தரிசுக்கு அதை அடிக்க ஆள் இல்லை.

கரிசல்மண்:
ஆடுதுறை 3ல் மஞ்சள் தேமல் நோய் வந்தால் வயலே மஞ்சளாகும். தேமல் தாங்குவது வம்பன் 8. இதுகூடத் தெரியாமல்தான் இவ்வளவு பேச்சா?

வண்டல்காரன்:
தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. வரப்போரக் களையை எடுத்து, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, முதலில் காணும் செடியைப் பிடுங்கினால் அடங்கும். புஞ்சைக்காரர் எனக்கு நஞ்சை ரகம் சொல்லித்தர வேண்டாம்.

கரிசல்மண்:
அந்த ரகத்துக்குப் பெயர் தந்த வம்பன் புதுக்கோட்டையில் இருக்கிறது. அதுவும் புஞ்சைப் பக்கம்தான் ஐயா.