மகளின் புது ஹொக்கி ஸ்டிக்கில் பந்து மேலே எழும்புகிறது: ஸ்டிக் பிழையா, அடி பிழையா?

வெள்ளவத்தை அப்பா

வணக்கம். மகளை ரீட் அவென்யூ டர்ஃப்புக்குக் கூட்டிப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிர ஹொக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 14 வயது, உயரம் 152 சென்ரிமீற்றர். பள்ளிக்கூட அணியில் நடுக்களத்தில் விளையாடுகிறாள். இரண்டு வருடமாக ஒரு அக்காவிடம் வாங்கிய பழைய ஃபைபர் ஸ்டிக்தான் வைத்திருந்தாள். நுனி தேய்ந்து நார் நாராகப் போய்விட்டது. லண்டனில் இருக்கும் என் தம்பி போன மாதம் வந்தபோது புதிது ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். கறுப்பு நிறம், 90 சதவீதம் காபன், 37.5 அங்குலம் என்று எழுதியிருக்கிறது. விலையைக் கேட்டதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிரச்சினை இதுதான். பழைய ஸ்டிக்கில் அவள் அடித்தால் பந்து நிலத்தோடு போகும். புதியதில் அடித்தால் முழங்கால் உயரத்துக்கு எழும்புகிறது. போன வாரம் ஒரு பிள்ளையின் காலில் பட்டு நடுவர் விசில் ஊதினார். வருகிற பந்தை மறித்தாலும் ஸ்டிக்கில் பட்டுத் தெறித்து ஓடுகிறது. பிழையாக அடித்தால் கை விறைக்கிறது என்றும் சொல்கிறாள். பள்ளிக்கூடத்துச் சேர் "ஸ்டிக்குக்குப் பழகு" என்று மட்டும் சொல்கிறார். பழக வேண்டியதா, மாற்ற வேண்டியதா?

கொட்டாஞ்சேனைத் தம்பி

அங்கிள், 90 காபன் சும்மா இல்லை, செம அடி போகும்! ஒரு மாதம் விடுங்கள், கை தானாகப் பழகிவிடும். நானும் அப்படித்தான் பழகினேன்.

முன்னாள் சென்டர் ஹாஃப்

தம்பி, உமக்கு எத்தனை வயது, என்ன உயரம்? 152 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு 37.5 என்பது அப்பாவின் சைக்கிளை மகனுக்குக் கொடுத்த மாதிரி. எட்டும், ஆனால் ஓட முடியாது.

ஐயா, முதலில் ஒன்று செய்து பாருங்கள். மகளை விளையாட்டுச் சப்பாத்தோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஸ்டிக்கின் தலையை நிலத்தில் வைத்துக் காலோடு சேர்த்து நிறுத்துங்கள். மேல் நுனி இடுப்பெலும்பு மட்டத்தில் வந்தால் சரி. அதைத் தாண்டி வயிற்றுப்பக்கம் வந்தால் நீளம் கூட. இது ஒரு கணக்குத்தான், வேதவாக்கு இல்லை. அவள் உயரத்துக்கு 35, 36 போதும். 36.5 கையில் இருந்தாலும் சமாளிக்கலாம், வளருகிற பிள்ளை. 37.5 பெரும்பாலும் ஐந்தடி ஒன்பதுக்கு மேற்பட்ட ஆட்களின் ஸ்டிக். நீளமான ஸ்டிக்கைக் குட்டையான பிள்ளை பிடித்தால் இடது முழங்கை வயிற்றில் இடிக்கும். அந்த இடிப்பைத் தவிர்க்கப் பந்தைத் தன்னிலிருந்து தள்ளி வைப்பாள், அங்கேயே அடி கெட்டுவிடும்.

ஆனால் பந்து எழும்புவதற்கு நீளம் மட்டும் காரணமாக இருக்காது. ஸ்டிக்கின் வளைவு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்த வளைவை ஆங்கிலத்தில் "போ" என்பார்கள், பெட்டியிலோ பிடிக்குக் கீழேயோ அப்படி ஏதாவது எழுதியிருக்கும்.

வெள்ளவத்தை அப்பா

நிறுத்திப் பார்த்தேன். இடுப்பெலும்பைத் தாண்டி நாலு விரல் மேலே நிற்கிறது. "லோ போ" என்று எழுதியிருக்கிறது. தம்பியிடம் கேட்டேன், கடைக்காரர் "ட்ரக் ஃப்ளிக் அடிப்பதற்கு இதுதான் நல்லது" என்றாராம். பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து கோலுக்கு வீசுவதாம் அது. அதைக் கேட்டதும் மகள் முகம் மலர்ந்துவிட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அவுஸ்திரேலியாவை 1-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த அணியில் ட்ரக் ஃப்ளிக் எடுக்கும் குர்ஜித் கவுர் என்றால் அவளுக்குப் பைத்தியம்.

மாத்தளை அக்கா

நான் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கதையை வருடத்துக்கு மூன்று தடவையாவது கேட்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு சமமான தரையில் வையுங்கள். சீமெந்துத் தரை வேண்டாம், மேசை அல்லது டைல்ஸ் போட்ட இடம் நல்லது. தலையும் பிடியும் தரையில் படும், நடுவில் வில் போல் தூக்கி நிற்கும். எந்த இடத்தில் இடைவெளி ஆகக் கூட என்று அடிமட்டத்தால் பாருங்கள். சட்டப்படி அந்த இடைவெளி 25 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, உச்சம் ஸ்டிக்கின் அடியிலிருந்து 200 மில்லிமீற்றருக்குக் கிட்டவும் வரக்கூடாது. லோ போ, அதாவது வளைவு தலைக்குக் கிட்ட இருக்கும் ஸ்டிக்குகள், இந்த இரண்டு எல்லையையும் ஒட்டியே செய்யப்படுபவை. சாதாரண மிட் போவில் உச்சம் இன்னும் மேலே, 300 அளவில் இருக்கும், வளைவும் குறைவு.

இந்த வளைவு எதற்கு? ட்ரக் ஃப்ளிக் எடுக்கும்போது பந்து தண்டோடு ஒட்டிக்கொண்டு மேலே தொடங்கித் தலைவரை உருண்டு வரவேண்டும். தலைக்குக் கிட்ட ஒரு பள்ளம் இருந்தால் பந்து அதில் உட்கார்ந்து கடைசி நேரத்தில் கவண் போல் புறப்படும். அதே பள்ளம் சாதாரண ஹிட்டில் என்ன செய்யும்? தண்டு வளைவதால் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்கிறது, முகம் வானத்தைப் பார்க்கிறது. கை பந்துக்கு முன்னால் போயிருந்தால் முகம் நேராகும். கை பின்தங்கினால் பந்து எழும்பும். பழைய ஸ்டிக்கில் வளைவு குறைவு என்பதால் கை பின்தங்கியது வெளியே தெரியவில்லை. புதியது அந்தப் பிழையை ஊருக்கே காட்டுகிறது.

ஆகவே ஸ்டிக்கும் பிழை, அடியும் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சக வீராங்கனை ஒருவரிடம் மிட் போ ஸ்டிக் இரவல் வாங்கி, ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் 20 பந்து அடிக்கச் சொல்லுங்கள். பிறகு தன்னுடையதில் 20. மூன்றாவதாகத் தன்னுடையதிலேயே இன்னொரு 20, ஆனால் இந்த முறை பந்தை இடது கால் பெருவிரலுக்கு நேரே வைக்காமல் அரையடி பின்னுக்கு வைத்து, அடிக்கிற நேரம் கை பந்தைக் கடந்திருக்க வேண்டும். எழும்பியவற்றை எண்ணி எழுதுங்கள்.

விசில் பற்றி: கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நின்று கோலுக்கு அடிப்பதைத் தவிர, ஹிட்டில் பந்தை வேண்டுமென்றே உயர்த்தக் கூடாது. தெரியாமல் எழும்பினால், ஆபத்து இல்லாதவரை விளையாட விடுவார்கள். 5 மீற்றருக்குள் நிற்கிற எதிராளியை நோக்கி எழும்பினால் அது ஆபத்து. நடுக்களத்தில் ஆட்கள் நெருக்கமாக நிற்பார்கள், மகள் அடிக்கடி பிடிபடத்தான் போகிறாள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். நான் ஐந்தடி பதினொன்று, ஃபோர்வர்ட். எனக்குப் பழகியது தங்கச்சிக்குப் பழகும் என்று நினைத்தது என் பிழை. ஆனால் பந்து தெறிக்கிறது என்கிறாரே, அதுவும் வளைவாலா?

மாத்தளை அக்கா

அது பெரும்பாலும் காபன். காபன் கூடினால் ஸ்டிக் விறைப்பாக இருக்கும். அடிக்கிற பலம் பந்துக்குள் போய்விடும், அதற்குத்தான் காசு. ஆனால் வருகிற பந்தும் அதே விறைப்பில் மோதித் திரும்புகிறது. ஃபைபரில் ஒரு சிறு மெத்தைத்தனம் இருந்தது, அவள் கை அதை நம்பியே பழகியிருக்கிறது. இப்போது பந்து வரும் நேரம் வலது கையை இளக்கிப் பிடிக்க வேண்டும், முட்டையை வாங்குகிற மாதிரி. கை விறைப்பதும் இதே கதைதான்: ஸ்டிக்கின் நல்ல இடத்தில் படாத பந்தின் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். 14 வயது நடுக்கள ஆட்டக்காரிக்கு, நாளுக்கு நூறு பந்து மறித்துக் கொடுப்பவளுக்கு, 30 முதல் 50 வரை காபன் இருந்தால் தாராளம் என்பது என் கருத்து. சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மருதானை நானா

ஸ்டிக் விற்றும் பழுது பார்த்தும் கொஞ்சக் காலம் இருந்தவன், அதனால் ஒரு விஷயம். கை விறைப்பு திடீரென்று வந்ததென்றால் ஸ்டிக்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு விரலால் தொங்கவிட்டு, ஒரு பந்தால் தண்டு நெடுகத் தட்டிக்கொண்டு வாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உடைந்த சட்டி மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. சூட்கேஸில் வந்த சாமான், என்ன நடந்ததென்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்று, நிறை. சட்டத்தில் உச்ச அளவு 737 கிராம், ஆனால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. இந்தக் காலத்து ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை 520 முதல் 560 கிராமுக்குள் வரும். அதைவிட முக்கியம் நிறை எங்கே இருக்கிறது என்பது. ஒரு விரலில் படுக்கவைத்துச் சமப்படுத்திப் பாருங்கள், பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சமநிலை தலைப்பக்கம் தள்ளியிருந்தால் கடைசி இருபது நிமிடத்தில் மணிக்கட்டு ஓய்ந்துவிடும்.

"மேல் பக்கத்தை வெட்டினால் நீளம் சரியாகுமே" என்று யாராவது சொல்வார்கள். வெட்டலாம், வெட்டியிருக்கிறேன். ஆனால் மேலே வெட்டினால் தலை இன்னும் பாரமாகும், வளைவு இருந்த இடத்திலேயே இருக்கும், உத்தரவாதமும் போய்விடும். புது ஸ்டிக்கில் வாளை வைக்காதீர்கள்.

வெள்ளவத்தை அப்பா

நானா, தட்டிப் பார்த்தோம், சத்தம் ஒரே மாதிரித்தான். மனைவி "நடு இரவில் என்ன கோயில் மணியா" என்று கேட்டாள்.

அப்புறம் சின்ன ஒரு கேள்வி. மகன் இடக்கையன், 9 வயது, அவனும் விளையாட ஆசைப்படுகிறான். இடக்கை ஸ்டிக் கொழும்பில் கிடைக்குமா?

முன்னாள் சென்டர் ஹாஃப்

கொழும்பில் இல்லை, எங்கேயும் இல்லை. ஹொக்கியில் எல்லோருக்கும் ஒரே ஸ்டிக், தட்டை இடது பக்கத்தில்தான். கிரிக்கெட் மாதிரி நினைக்காதீர்கள். இடது கைதான் மேலே நின்று ஸ்டிக்கைத் திருப்புவது, ஆகவே இடக்கையர்களுக்கு அது ஒரு வசதி என்றுகூடச் சொல்வேன். பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வெள்ளவத்தை அப்பா

சனிக்கிழமை காலை கணக்கெடுத்தோம். மழை விட்ட நேரம் பார்த்து, பள்ளிக்கூட மைதானத்தில், 15 மீற்றர் தூரத்துக்கு. எழும்பியது என்றால் கணுக்காலுக்கு மேல் என்று வைத்துக்கொண்டோம்.

தோழியின் 36.5 மிட் போ: 20இல் 3.
தன்னுடைய 37.5 லோ போ: 20இல் 12.
அதே ஸ்டிக், பந்தைப் பின்னுக்கு வைத்து: 20இல் 6.

அளந்தும் பார்த்தேன். உச்ச இடைவெளி 24 மில்லிமீற்றர், அடியிலிருந்து 210 அளவில். அக்கா சொன்னது அப்படியே. மூன்றாவது கணக்கைப் பார்த்ததும் மகள் "அப்போ பழகினால் சரிவரும்" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கோ 6 என்பதும் கூட என்று படுகிறது. அடுத்த மாதம் போட்டி.

மாத்தளை அக்கா

12இலிருந்து 6க்கு இறங்கியது நல்ல சங்கதி, கை பிழையைத் திருத்த முடியும் என்று காட்டுகிறது. ஆனால் அது நின்ற இடத்தில், யாரும் துரத்தாமல் அடித்த கணக்கு. ஆட்டத்தில் ஓடிக்கொண்டு, ஒருத்தி மேலே விழ வரும்போது பந்தை அரையடி பின்னுக்கு வைக்க நேரம் இருக்காது. அதோடு பள்ளிக்கூட மைதானத்தில் பந்து தானே துள்ளும். என் அணியில் என்றால் இந்தப் போட்டிக்கு மிட் போதான் கொடுப்பேன்.

ட்ரக் ஃப்ளிக் ஆசையைக் கெடுக்காதீர்கள். மிட் போவிலும் ஃப்ளிக் கற்கலாம். கால் வைப்பதும் இடுப்புத் திரும்புவதும்தான் அதில் முக்கால் பங்கு. அது வந்த பிறகு லோ போ எடுத்தால் பயன் தெரியும்.

அந்தத் தோழி எந்த இடத்தில் விளையாடுகிறாள், என்ன உயரம்?

வெள்ளவத்தை அப்பா

பின்களம். 168 சென்ரிமீற்றர் இருப்பாள். அணியில் பெனல்டி கோனரில் ஃப்ளிக் எடுப்பதும் அவள்தான். ஏன்?

மருதானை நானா

ஏனா? மாப்பிள்ளை பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், நீங்கள் பத்திரிகையில் விளம்பரம் தேடுகிறீர்கள்!

முன்னாள் சென்டர் ஹாஃப்

37.5 அவளுக்கும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பின்களத்துக்கு எட்டுகை நல்லது, ஃப்ளிக் எடுப்பவர்கள் ஒரு சொட்டு நீளத்தை விரும்பவும் செய்வார்கள். ஒரு வாரம் மாற்றி விளையாடட்டும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கதைத்துக்கொள்ளுங்கள், விலை வித்தியாசத்தைப் பிள்ளைகள் தலையில் போடாதீர்கள்.

மாத்தளை அக்கா

மாற்றும்போது கிரிப்பையும் பாருங்கள். வியர்வையில் ஊறிப் பளபளப்பாகியிருந்தால் உரித்துவிட்டுப் புதிது சுற்றுங்கள், கொழும்பு வெக்கைக்குக் கை வழுக்கினால் எந்த ஸ்டிக்கும் பிழையாகத்தான் தெரியும். தடித்த கிரிப் வேண்டாம், சின்னக் கை. நுனித் தேய்வுக்கு, மைதானத்தில் பயிற்சி எடுக்கும் நாட்களில் தலையின் கீழ் விளிம்பில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் போதும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் போட்டு வைக்கவும் வேண்டாம்.

வெள்ளவத்தை அப்பா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மாற்றியாகிவிட்டது. தோழியின் அம்மா வித்தியாசக் காசு தந்தே தீருவேன் என்று நின்றார். கடைசியில் இரண்டு பிள்ளைகளுக்கும் சப்பாத்து வாங்குவதென்று முடிந்தது. மகள் வெள்ளிக்கிழமை பயிற்சி ஆட்டம் முழுக்க விளையாடினாள், பந்து உயர்ந்ததற்காக ஒரு விசில்கூட இல்லை. பந்து மறிப்பது இன்னும் முழுதாகச் சரியில்லை, ஆனால் தெறித்து ஓடுவது குறைந்துவிட்டது. தோழி அந்தக் கறுப்பு ஸ்டிக்கால் எடுத்த இரண்டாவது ஃப்ளிக் கோலின் மேல் மூலைக்குப் போனது, எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். புது ஸ்டிக்கோடு மகள் விளையாடும் வீடியோ அனுப்பச் சொல்லி லண்டனிலிருந்து தம்பி தினமும் கேட்கிறான். "ஒருநாள் இரவல் வாங்கி எடுத்து அனுப்பலாம், அப்பா" என்கிறாள் மகள். அடிக்கிற காட்சி வேண்டாம், ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.